கோச்சிங் செஷனில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் – அனுபவப் பகிர்வு

விடியல்நடை:

ஹேபிட் ஷீட், அதாவது அன்றாடப் பழக்கத்தைச் செய்ததும் தேதிக்கு நேரே டிக் போடும் தாள், இங்கே எல்லோருக்கும் தெரியும். தூக்கம், நடை, படுக்கும் முன் நாலு வரி எழுதுவது. பழக்கங்களை மாற்றிக்கொள்ள என்னிடம் கோச்சிங்குக்கு வந்த ஒரு கிளையண்டுக்குக் கொடுத்திருந்தது இவ்வளவுதான். நடுத்தர வயது, பொறுப்பான வேலை, பேச்சில் ஏக மரியாதை. எப்போது கேட்டாலும் "சூப்பரா போகுது மேடம்" என்பார். ஆனால் முகம் அப்படிச் சொல்லாது.

அன்றைக்கு ஷீட்டைக் கையோடு கொண்டுவந்தார். மடிப்பே விழாத காகிதம். அத்தனை டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கீழே வரவர டிக்கின் வால் மட்டும் நீண்டுகொண்டே போயிருந்தது, வேகவேகமாகப் போட்டால் வருமே, அப்படி. கடைசி டிக் மறுநாள் தேதியில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்தத் தடவை ஒண்ணுகூட விடல" என்று சிரித்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேதியைக் காட்டவில்லை. ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதுல உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருந்தது எந்த நாள்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லா நாளும்தான் மேடம். வீட்டுக்குப் போனா சட்டைகூட மாத்தாம அப்படியே படுத்துடறேன். எதுலயும் மனசு ஒட்டல" என்றார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், சரி என்றார். அடுத்த செஷனுக்கு வரவில்லை. "கொஞ்சம் பிஸி" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

நேர்கோடு:

தேதியைக் காட்டியிருக்க வேண்டும் தோழி. மன்னிக்கவும், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைத் தொடாமல் பேசினால் அந்த உறவில் என்ன மிஞ்சும்? என்னிடம் ஒரு பெண் எடைக் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். "இந்த எண் எனக்கு நம்பும்படியா இல்லையே" என்று நேராகச் சொன்னேன். அழுதார், பிறகு உண்மையைச் சொன்னார். இன்றும் தொடர்பில் இருக்கிறார்.

அதைவிட முக்கியம், அந்த டிக் ஷீட்டையே தூக்கிப் போடுங்கள். விடாமல் தொடர்ந்தால்தான் பழக்கம் ஒட்டும் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. "21 நாளில் பழக்கம்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். "குறைந்தது" என்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் ஒட்ட ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் அதே ஆய்வில் இருக்கிறது. கிளையண்டிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் காலிக் கட்டத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். டிக்குக்குப் பதில் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பல் தேய்த்து முடித்ததும் செருப்பை மாட்டுவேன், இந்த மாதிரி. நேரமும் இடமும் அதிலேயே வந்துவிடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். வெறுமனே "நடக்கப் போகிறேன்" என்று நினைப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. வாராவாரம் எண்ணைக் கேட்காதீர்கள், எங்கே தட்டியது என்று மட்டும் கேளுங்கள்.

அமைதிநதி:

நேர்கோடு அண்ணா, விடியல்நடை கேட்டது ஷீட்டைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். அந்த மனிதர் ஏன் பயந்தார் என்பதுதான் எனக்குள் ஓடுகிறது.

என்னிடம் வந்த ஒரு பெண். கோல் எழுதச் சொன்ன தாளின் தலைப்பில் "நான் சோம்பேறி" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார். காலையில் எழ முடியவில்லை, எடை கூடுகிறது, வேலையில் மறதி. மைண்ட்செட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபேன் ஓடவில்லை, நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிருதா என்று கேட்டால், "எனக்கு எப்பவுமே குளிரும்" என்றார். குரலும் கரகரப்பு.

தைராய்டு பார்த்தாயிற்று, நார்மல் என்றார். நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது. ஆனால் என்னென்ன மாத்திரை, சப்ளிமெண்ட் எடுக்கிறார் என்று எல்லாரிடமும் கேட்பது வழக்கம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை அதிக டோஸில் எடுத்துக்கொண்டிருந்தார். பயோட்டின் பல லேப்களின் தைராய்டு டெஸ்ட்டைக் குழப்பும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான TSH-ஐ இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே பயோட்டினால் லேப் முடிவுகள் தவறலாம் என்று எச்சரித்திருக்கிறது. "இதை அப்படியே உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று மட்டும் எழுதிக்கொடுத்தேன். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து டெஸ்ட்டைத் திரும்ப எடுத்தார். TSH நன்றாகவே ஏறியிருந்தது, அதாவது தைராய்டு குறைவாகச் சுரந்துகொண்டிருந்தது.

போன் செய்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். எத்தனை வருடம் அந்தப் பெயரைச் சுமந்திருப்பார்! அதில் எத்தனை பேருடைய பங்கு! நம்மைப் போன்றவர்கள் மேடையேறி "மனசு வெச்சா முடியாதது எதுவுமில்லை" என்று சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் இப்படி ஒருவர் இருப்பார். அன்றிலிருந்து அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

இரவுப்பறவை:

நான் கோச் இல்லைங்க, கோச்சிங் எடுத்தவள். எழுதலாமான்னு தெரியல, ஆனா அமைதிநதி எழுதினதைப் படிச்சதும் கை நிக்கல.

எனக்குச் சின்ன வயசுலேர்ந்து டைப் 1 சர்க்கரை நோய். கையில சென்சார் ஒட்டியிருக்கும், சுகர் இறங்கினா போன் கத்தும். வேலை அழுத்தத்துக்காகத்தான் ஒருத்தர்கிட்ட போனேன், சர்க்கரைக்காக இல்லை. ஒரு நாள் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, "உடம்பு தன்னைத்தானே குணப்படுத்தும் சக்தியை உணருங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். அலாரம் அடிச்சிடுச்சு. சுகர் 58. அவர் கண்ணைத் திறக்காமலேயே, "அதை ஆஃப் பண்ணுங்க, எனர்ஜி கலையுது"ன்னார். என் கை அப்பவே நடுங்க ஆரம்பிச்சிருந்தது. குளுக்கோஸ் மாத்திரையைப் பையிலிருந்து எடுத்துக் கடிச்சேன். அந்த அமைதியில அந்தக் கடிக்கிற சத்தம் எனக்கே அவ்வளவு பெரிசா கேட்டுது. 15 கிராம் சாப்பிட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும், அது என் உயிர். அவர் மூஞ்சில எரிச்சல். அப்புறம் சொன்னார், "நோயை உங்க அடையாளமா பிடிச்சு வெச்சிருக்கீங்க. அதை விட்டா இன்சுலின் தானா குறையும்."

டைப் 1-ல இன்சுலின் சுரக்கிற செல்லை நம்ம எதிர்ப்பு சக்தியே அழிச்சிடும். எண்ணத்தால வந்ததும் இல்லை, எண்ணத்தால போகப்போறதும் இல்லை. இன்சுலினை நிறுத்தினா சில நாள்லயே ரத்தத்துல அமிலம் ஏறி ஆஸ்பத்திரிதான். எனக்கு இது தெரியும், எழுந்து வந்துட்டேன். புதுசா கண்டுபிடிச்ச ஒரு பையனோ பொண்ணோ அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா? இதை நினைச்சா இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது.

நேர்கோடு:

சகோ, படிக்கவே பதறுகிறது. ஆனால் ஒருவரை வைத்து எல்லாரையும் எடைபோடாதீர்கள். அமெரிக்காவில் 2017 முதல் ஹெல்த் கோச்களுக்குத் தேசிய போர்டு தேர்வே இருக்கிறது. நோயைக் கண்டறியக் கூடாது, மருந்தில் கைவைக்கக் கூடாது என்பது அங்கே அடிப்படை. முறையாகப் படித்த யாரும் அலாரத்தை அணைக்கச் சொல்ல மாட்டார்கள்.

முன்னாள்செவிலி:

அந்தத் தேர்வு எழுதாதவரும் நாளை காலையே "கோச்" என்று போர்டு மாட்டலாம், நேர்கோடு. யாரும் தடுப்பதில்லை. சகோதரி எல்லாரையும் எடைபோடவில்லை, தனக்கு நடந்ததைச் சொன்னார்.

முதல் பதிவைப் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேதியைக் காட்டியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், அடுத்த வாரம் இன்னும் கவனமாக டிக் போட்டுக்கொண்டு வந்திருப்பார். தவறைக் கண்டதும் திருத்தக் கை பரபரக்கும். மில்லர், ரோல்னிக் என்ற உளவியலாளர்கள் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற உரையாடல் முறையில் அடக்கச் சொல்வதே அந்தப் பரபரப்பைத்தான். மில்லர் 1983-இல் அதைப் பற்றி முதலில் எழுதியது குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து. நாம் வாதாட வாதாட, எதிரில் இருப்பவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் அடுக்குவார். "மாறுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு அவர் 4 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன் 2 இல்லாமல் 4?" என்று கேளுங்கள். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்.

என் அனுபவம் சிறியது. வார்டு வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்த புதிது. மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் ஒரு வாட்டசாட்டமான ஆள் எழுந்து போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார், கதவையே பார்த்தபடி. பழைய பயம் உடம்பில் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடுவதும் மூச்சைக் கவனிப்பதுமே பதற்றத்தைக் கிளப்பலாம். நானும் எழுந்து, வழியை மறைக்காமல் தள்ளி நின்றேன். கண்ணைத் திறந்தே, பாதம் தரையில் படுவதைச் சொல்லச் சொன்னேன். "சில்லுனு இருக்கு" என்றார். அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை, அதற்குப் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினேன்.

விடியல்நடை, நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் "எதுலயும் மனசு ஒட்டல" என்று ஒருவர் சொன்னால், அது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறதா என்று கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்றும் நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டதும் ஆறுதலடைந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் அன்றைக்கு வேறு வேலை எதுவும் வேண்டாம், அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். அவருக்கு இன்றே போன் செய்யுங்கள். செஷன், ஷீட் எதுவும் வேண்டாம். "அன்னைக்கு நீங்க சொன்னது மனசுலயே இருக்கு, டாக்டரைப் பார்க்க முடிஞ்சுதா?" என்று மட்டும் கேளுங்கள்.

விடியல்நடை:

நன்றி அக்கா. மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், போன் செய்யத் தோன்றவில்லை. இப்போதே செய்கிறேன்.

அமைதிநதி:

இரவுப்பறவை, புதிதாக வருபவர்கள் நிரப்பும் இன்டேக் ஃபார்மில் ஒரு கேள்வி சேர்க்கலாம் என்று இருக்கிறேன்: "செஷன் நடுவில் உங்கள் மருத்துவக் கருவி ஒலித்தால், அல்லது நீங்கள் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தால், நான் என்ன செய்யட்டும்?" உங்களிடம் ஒரு கோச் இப்படிக் கேட்டால் சங்கடமாக இருக்குமா? வார்த்தையை மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஃபார்மை அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திவிடுகிறேன்.