சிரிப்பு வில்லன்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

ஈசூன்காரன்:
2021-ல் வில்லன்களையே கதாநாயகர்களாக்கிய ‘தி சூசைட் ஸ்குவாட்’ படம் சிங்கப்பூரில் வந்தபோது அம்மாவோடு போனேன். கொரோனா காலம், முகக்கவசம், குழுவுக்குக் குழு காலி இருக்கை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா குளிர்சாதனத்துக்காக வந்தவர், என்ன படம் என்றுகூடக் கேட்கவில்லை. கதையை விடுங்கள், நேரே அதில் வருகிற போல்கா டாட் மேன் என்ற வில்லனுக்கு வருகிறேன். உடம்பில் வண்ணப் புள்ளிகள் முளைக்கும், தினம் இரண்டு வேளை அதை வெளியே தள்ளாவிட்டால் ஆளையே தின்றுவிடும். காரணம் அவனுடைய அம்மா. பெற்ற பிள்ளைகளை எப்படியாவது சூப்பர்ஹீரோ ஆக்கியே தீருவேன் என்று ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. அதனால் அவனுக்குப் பார்க்கிற முகமெல்லாம் அம்மா முகம். கடைசியில் கட்டட உயரத்துக்கு ஒரு நட்சத்திர மீன் ஊரை இடிக்கிறதே, அதுவும் அவன் கண்ணுக்கு அம்மாதான், ராட்சத அம்மா தெருவில் தொம் தொம் என்று நடந்து வருகிறார். நான் முகக்கவசம் நனைய சிரித்தேன். பக்கத்தில் சத்தமே இல்லை.

வெளியே வந்து எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கும்போது அம்மா ரொம்ப நேரம் கழித்து, “உன்னையும் நாலு டியூஷனுக்கு அனுப்பினேன்ல” என்றார். அவ்வளவுதான். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அது ஜோக்கா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

தே ஓ கொசொங்:
எனக்கு 1966 பேட்மேன் படம். தொண்ணூறுகளில் தோ பாயோ வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தோம். ஹெலிகாப்டர் ஏணியில் தொங்குகிற பேட்மேன் காலைச் சுறா கவ்வும், மேலேயிருந்து ராபின் சுறா விரட்டும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கொடுப்பான், அந்தப் படம். அப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜோக்கர் முகம் கிட்டத்தில் வந்ததும் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து “மீசை! மீசை இருக்கு பாரு!” என்று கத்தினார். உண்மைதான், ஜோக்கராக நடித்த சீசர் ரொமெரோ மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அதன் மேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசிவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் சாயத்துக்கு அடியில் முடி முடியாகத் தெரியும்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எழுபதுகளில் சமூக மன்றத் தீபாவளி நாடகத்தில் அப்பாவுக்குக் கிருஷ்ணர் வேஷம் கொடுத்தார்கள். மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து அதன் மேலேயே நீலம் பூசிக்கொண்டு மேடையேறியவர் அவர். இருபது வருஷமாக அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அன்றைக்குக் கேசட்டை நிறுத்திவைத்து, சமையலறையிலிருந்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். அம்மா கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, “அவன் வில்லன், நீங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேள்விக்குறி:
மேலே எழுதிய அக்கா மன்னிக்கணும், மீசைக்கு மேல் சாயம் பூசியது வேண்டுமென்றே சிரிக்கவைக்க இல்லை, நடிகரின் பிடிவாதம். வேண்டுமென்று செய்வது வேறு, சொதப்பல் வேறு. 1997-ல் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ வந்தபோது நான் என்எஸ்ஸில் (கட்டாய ராணுவச் சேவை) இருந்தேன், முகாமை விட்டு வெளியே விடுகிற புக் அவுட் நாளில் செக்‌ஷனே சேர்ந்து போனோம். எதையும் உறையவைக்கிற வில்லனாக ஷ்வார்ஸ்நேகர் உடம்பெல்லாம் நீலமாக வந்து வாயைத் திறந்தால் ஐஸ் ஜோக். அதிலிருந்து மத்தியான வெயிலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எங்கள் சார்ஜண்ட் அதே குரலில் “ரொம்பக் குளிருதா?” என்பார். வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

அது கிடக்கட்டும். ஈசூன் தம்பி, நீங்கள் செய்தது தப்பு. அம்மாவை நேரே அந்தப் படத்துக்குக் கூட்டிப்போயிருக்கக் கூடாது. முதலில் 1966 படம், அப்புறம் 1978 சூப்பர்மேன், அப்புறம் 1992-ல் டிம் பர்ட்டன் எடுத்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’. அதில் பென்குயின் என்ற வில்லனாக டேனி டிவிட்டோ வாத்து வண்டியில் வருவார், பென்குயின்கள் முதுகில் ராக்கெட் கட்டிக்கொண்டு அணிவகுக்கும், ஆனால் அவரையும் பெற்றவர்கள் கைக்குழந்தையாக ஆற்றில் விட்டவர்கள்தான், கர்ணன் கதை மாதிரி, அதனால் சிரித்துக்கொண்டே மனசு பழகிவிடும். அப்புறம்தான் புள்ளிக்காரன். இன்னொன்று, பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் படத்தின் வயது வரம்பு பிஜி13-ஆ, என்சி16-ஆ, எம்18-ஆ என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், வாசலில் நின்று வாதாடாதீர்கள், டிக்கெட் பார்க்கிற பையன் மணிக்கூலிக்கு நிற்கிறான். அப்புறம் டியூஷன் விஷயம், அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம்தான் வரும். நான் காலையில் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறேன்.

தே ஓ கொசொங்:
வெந்தயத்துக்கு எப்படி வந்தோம் 😂

பாஞ்சாங் அக்கா:
1978 சூப்பர்மேன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் மாமா வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜண்ட். தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது டிவியில் அந்தப் படம். வில்லன் லெக்ஸ் லூதர் பாலைவனத்து நிலத்தை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, ஏவுகணையால் கலிபோர்னியாக் கரையைக் கடலில் தள்ளிவிட்டால் தன் நிலம் கடற்கரை மனை ஆகிவிடும் என்று வரைபடத்தை வைத்து விளக்குவாரே, பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள். மாமா மட்டும் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப அக்கறையாகக் கவனிக்கிறார். முடிந்ததும், “திட்டம் நல்ல திட்டம்தான், ஏவுகணை மட்டும் வேண்டாம். நம்ம ஊர்ல கடல்ல மண்ணக் கொட்டியே ஈஸ்ட் கோஸ்ட்ட உண்டாக்கிட்டான், இவன் எதுக்கு இருக்கிற ஊரத் தள்றான்?” என்றார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை மட்டும், “போன வருஷம் ஜொகூர்ல வாங்கினது என்ன ஆச்சு?” என்று கேட்டார். மாமா முறுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பழைய பேப்பர்:
எல்லாரும் வில்லனைக் கதாநாயகனாக்கியது என்னமோ நேற்று நடந்த மாதிரிப் பேசுகிறீர்கள். சிவகாசி லயன் காமிக்ஸ் படித்தவர் ஒருவரும் இல்லையா? குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்! 1965-ல் இங்கிலாந்தில் தொடங்கிய தொடர், பிறகு அதற்குக் கதை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல். கூர்க் காது, வலை வீசும் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி, தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிற வாய். அதை நாங்கள் ஒரு துளி கேலி இல்லாமல் முழு பயபக்தியோடு படித்தோம். கேள்விக்குறி சொல்கிற ‘வேண்டுமென்றே’, ‘சொதப்பல்’ கணக்கில் இது எங்கே வரும்? எங்கேயும் வராது.

கேள்விக்குறி:
வரும். விரிவாக எழுதுகிறேன், ராத்திரி வேலை முடியட்டும்.

ஈசூன்காரன்:
அண்ணே, வெந்தயத்துக்கு நன்றி. பேசச் சொன்னீர்கள், பேசவில்லை. ஆனால் போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தேக்கா சந்தை மாடியில் வாங்கியதாம், இருபது வெள்ளி (டாலர்) சொன்னதைப் பதினாறுக்குப் பேசி எடுத்தாராம், எனக்கு ஒரு சட்டை கொடுத்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெரிய பெரிய புள்ளி. போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். தோளைச் சரிசெய்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சோறு எடுத்துவைக்கப் போய்விட்டார். முகத்தைப் பார்த்தேன், சிரிக்கவே இல்லை.