வான்குதிப்புக்கு முதல் ஹெல்மெட் கேமரா: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

மேகவீதி:

அனைவருக்கும் வணக்கம். தென் கலிபோர்னியாவின் பெரிஸ் தளத்தில் இரண்டரை ஆண்டுகளாகக் குதித்து வருகிறேன். சென்ற வாரம் 214ஆவது குதிப்பை முடித்தேன். அனுபவக் குதிப்பாளருக்கான சி உரிமமும் கைக்கு வந்துவிட்டது. 200 குதிப்புகள் முடியும் வரை கேமராப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என் பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இப்போதுதான் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது முகம் முழுவதையும் மூடும் குக்கி ஜி4 ஹெல்மெட். நாங்கள் நால்வர் குப்புறப் பறந்தபடி கைகோத்து வடிவங்கள் அமைக்கும் குதிப்புகளையே பெரும்பாலும் செய்கிறோம். அவற்றைப் பதிவு செய்து, தரையிறங்கிய பின் பிழைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்வதே நோக்கம். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் டேண்டம் பயணிகளைப் படமெடுத்துப் பணம் ஈட்டும் எண்ணம் இல்லை. புதிய கோப்ரோ வாங்கலாமா, சிறிய இன்ஸ்டா360 கோ போதுமா? அதை உச்சியில் வைப்பதா, பக்கவாட்டிலா, தாடைப் பகுதியிலா? இருக்கும் ஹெல்மெட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாமா?

பழைய குடை:

தம்பி, உங்கள் கேள்விகளைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஹெல்மெட் முதலில், பொருத்தும் இடம் அடுத்து, கேமரா கடைசி. உங்கள் பயிற்றுநர் சொன்னது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கையேடு பரிந்துரைப்பதே. அதே கையேடு, கேமராவோடு குதிக்கப்போகும் அதே பாராசூட்டில் அண்மைக்காலத்தில் 50 குதிப்புகளாவது செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புதிதாகச் சிறிய பாராசூட்டுக்கு மாறியிருந்தால் கேமரா இன்னும் சில மாதம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாராசூட் விரியும்போது நடப்பதை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பைலட் சூட் என்னும் சிறு இழுகுடை காற்றைப் பிடித்து, அதைப் பாராசூட்டோடு இணைக்கும் பிரைடில் நாடாவை இழுக்கிறது. முதுகுப் பையிலிருந்து கயிறுகள் நீண்டு தலைக்கு மேலே போகின்றன. உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாலோ அவை தலையை உரசிக்கொண்டே போகும். வழவழப்பான ஹெல்மெட்டில் வழுக்கிவிடும். கேமராவுக்கும் ஹெல்மெட்டின் ஓட்டுக்கும் இடையில் ஒரு கயிறு நுழையும் இடுக்கு இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். முதன்மைப் பாராசூட் அப்படி மாட்டிவிட்டால், பழுதான பாராசூட்டைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியை இழுத்து, அதைத் தோளோடு இணைக்கும் ரைசர் பட்டைகளை விடுவித்த பிறகும் அது தலையில் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரிசர்வ் என்னும் மாற்றுப் பாராசூட்டை விரித்தால் இரண்டும் பின்னிக்கொள்ளக் கூடும். ஆகவே ஹெல்மெட்டை ஒரே கையால், கையுறையோடு, ஓரிரு நொடிகளில் கழற்றி எறிய முடிய வேண்டும்.

முகமூடிய ஹெல்மெட்டில் இது எளிதன்று. அது தாடையைக் கவ்விப் பிடித்திருக்கும். ஆகவே என் பரிந்துரை, குக்கி ஃப்யூவல் போலக் கேமராவுக்கென்றே வடிவமைத்த, முகம் திறந்த ஹெல்மெட். தாடைப்பட்டையை இழுத்தவுடன் விடுவிக்கும் கட்அவே அமைப்பையும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கியதும் அலமாரியில் வைக்காமல், பயிற்சிக்கான தொங்கு சேணத்தில் தொங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி அதைக் கழற்றிப் பழகுங்கள்.

ஜி4 ஹெல்மெட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால், கயிறு பலமாக இழுத்தால் கேமரா தானே பிய்ந்துபோகும் வகையிலான பிடிமானத்தைத் தேடுங்கள். நீண்ட வால் கொண்ட கோப்ரோ திருகாணியைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கயிற்றுக்கென்றே வைத்த கொக்கி அது. பாராசூட்டுகளைப் பழுதுபார்க்கும் ரிக்கர் யாரிடமாவது பழைய பாராசூட் கயிறு ஒரு முழம் வாங்கி, ஹெல்மெட்டின் மேல் எல்லாத் திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே இடுக்கை நிரப்பி, ஒட்டுநாடாவால் மூடி, மீண்டும் இழுத்துப் பாருங்கள்.

நீலக்கரை:

மேலே அண்ணன் எழுதியதோடு உடன்படுகிறேன். எடையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கோப்ரோ ஹீரோ 12 ஏறக்குறைய 154 கிராம். இன்ஸ்டா360 கோ 3 வெறும் 35 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பாராசூட் விரியும் கணத்தில் உடல் தன் எடையைப் போல் மூன்று நான்கு மடங்கு விசையைத் தாங்குகிறது. விரிதல் கடுமையாக இருந்தால் அதைவிடவும் மிகுதி. அந்தக் கணத்தில் தலையின் ஓரத்தில் இருக்கும் 154 கிராம் ஏறக்குறைய அரைக் கிலோ ஆகிவிடுகிறது.

எனக்கே நடந்தது இது. பக்கவாட்டில் கேமரா வைத்துக் குதிக்கத் தொடங்கிய புதிதில், பாராசூட் விரிவதையும் பதிவு செய்யும் ஆசையில் தலையை அண்ணாந்து வைத்திருந்தேன். அன்றைக்கு மடித்ததும் அவசரமாக மடித்தது. விரிதல் முகத்தில் அறைந்தாற்போல் வந்தது. மூன்று வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அதிலிருந்து விரியும்போது அடிவானத்தை நேராகப் பார்ப்பதோடு, மெதுவாக விரியும்படி பொறுமையாக மடிக்கவும் செய்கிறேன்.

உங்கள் நோக்கம் பிழை திருத்தம் என்பதால் படத்தரம் பெரிய பொருட்டில்லை. உற்பத்தி நின்றுபோன 74 கிராம் எடையுள்ள கோப்ரோ ஹீரோ செஷன் என்னும் கனசதுரக் கேமராவை இன்றும் தேடி வாங்கும் குதிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதன் படம் இன்றைய அளவுக்குச் சாதாரணம்தான், ஆனால் ஹெல்மெட்டோடு ஒட்டிக்கிடக்கும். பொருத்தும் இடமாக நான் தேர்ந்தெடுப்பது உச்சி. தாடையில் வைத்தால் கண் பார்ப்பதையே கேமராவும் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்துக்கு அது முன்பாரம்.

சாம்பல்மேகம்:

சகோதரி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மேலெழும் கயிறுகளின் பாதையில் நிற்பது உச்சிக் கேமராதான். விமானக் கதவின் மேல்விளிம்பில் இடிப்பதும் அதுவே. இவ்வளவு சிறிய கேமராவுக்குக் கழுத்துப் பாரத்தைவிடச் சிக்கலையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஆகவே எனக்குத் தாடைதான்.

இங்கே யாரும் தொடாத விஷயம் கவனம். 1988 ஏப்ரலில் வட கரோலினாவில் 800க்கும் மேற்பட்ட குதிப்பு அனுபவம் உள்ள ஒருவர், மற்றவர்களைப் படம்பிடிப்பதற்காக விமானத்திலிருந்து பாராசூட் அணியாமலேயே குதித்து உயிரிழந்தார். அந்நாளில் பதிவுக்கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தைப் பாராசூட்டின் பாரமாகவே அவர் உணர்ந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. இன்று கருவி சிறுத்துவிட்டது. கேமராவின் சிவப்புப் பதிவு விளக்கு எரிகிறதா என்று கதவருகே நின்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் மட்டும் பெருகியிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டியவை கைப்பிடிகளும் நெஞ்சுப் பட்டையும்.

முதல் இரண்டு மூன்று கேமராக் குதிப்புகளைத் தனியாகவே செய்யுங்கள். அதன் பிறகு நால்வரோடு குதிக்கும்போதும் பாராசூட்டை விரிக்கும் முன் ஒருவரை விட்டு ஒருவர் பிரியும் உயரத்தை வழக்கத்தைவிடக் குறைக்காதீர்கள்.

மேகவீதி:

மூவருக்கும் நன்றி. கேமராவை வாங்கும் முன் கட்அவே வசதியோடு முகம் திறந்த ஹெல்மெட்டை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். உச்சியா தாடையா என்பதைக் கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகே தீர்மானிப்பேன். கடைசியாக ஒரு கேள்வி: விளக்கைப் பார்க்கக் கூடாது என்றால், பதிவு ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய குடை:

கதவு திறப்பதற்குச் சில நிமிடம் முன்னதாக, எல்லாரும் பட்டைகளைச் சரிபார்க்கும் போதே கேமராவை இயக்கிவிட்டு, ஒருமுறை அதிர்வையோ ஒலியையோ உறுதி செய்துகொள்ளுங்கள்; அதன்பின் தரையிறங்கும் வரை அதைத் தொட வேண்டாம். ஒரு நிமிட வீழ்ச்சியும் ஐந்தாறு நிமிடப் பாராசூட் பயணமும் பதிவட்டையில் பெரிய இடம் பிடிக்காது. 4,000 மீட்டரில் தரையைவிட ஏறத்தாழ 26 டிகிரி குளிராக இருக்கும் என்பதால் மின்கலத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஒருநாள் பதிவாகாமலே போனால் போகட்டும்; மறுநாளும் குதிக்கலாம்.