மழைக்காலத்தில் பட்டுச்சேலையில் பூஞ்சை, ரங்கூனில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாசுண்டாங் பொண்ணு:
அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் ஒரு யோசனை சொல்லுங்கள். அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு நாலு எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கீழ்த்தள வீடு, மழை பிடித்துவிட்டால் சுவரே வேர்க்கும். நேற்று திறந்து பார்த்தால் பாக்கு நிறச் சேலையின் மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, முந்தானை ஜரிகையும் ஒரு பக்கம் கறுத்துவிட்டது. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம், அம்மா சேலையைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தண்ணீரில் அலசலாமா, டிரைகிளீனிங் கொடுக்கலாமா? ஏசி அறையில் வைக்கலாம் என்றால் கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

ஜவுளிக்கடை அண்ணன்:
தண்ணீர் காட்டவே காட்டாதேம்மா. வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் மேலாகத்தான் இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் பரவி நூலுக்குள் இறங்கிவிடும். மழை விட்டிருக்கும் நேரமாகப் பார்த்து வெளியே எடுத்துப் போய் நிழலில் காற்றோட்டமாக விரித்துப் போடு (வீட்டுக்குள் உதறாதே, அந்தத் தூள் மற்றத் துணியிலும் ஏறும், மூச்சுக்கும் ஆகாது, மூக்கைக் கட்டிக்கொள்). நன்றாக உலர்ந்த பிறகு மெத்தென்ற பிரஷால் ஒரே வாக்கில் தட்டி எடு. வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்தால் சாயம் வெளுக்கும், நூலும் இற்றுப்போகும். பட்டு என்பது நம் தலைமுடி மாதிரி புரதம்தான், சலவைப் பவுடரும் பிளீச்சும் அதை அரிப்பது அதனால்தான்.

ஜரிகை விஷயம் வேறு. அசல் ஜரிகை என்றால் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. காற்றில் உள்ள கந்தக வாயு படும்போது கறுப்பது அந்த வெள்ளி. புளி போடு, எலுமிச்சை போடு, பற்பசை தேய் என்று யார் சொன்னாலும் கேட்காதே, தேய்த்தால் முலாம்தான் முதலில் போகும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைக்கவும் கூடாது, அதிலும் கந்தகம் உண்டு. கட்டிய சேலைமேல் சென்ட் அடிப்பதும் வேண்டாம்.

கமாயுட் அத்தை:
தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அதே பெட்டியில் வைத்தால் அடுத்த மழைக்கும் இதே கதைதான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. பெட்டி தரையிலும் இருக்கக்கூடாது, சுவரை ஒட்டியும் இருக்கக்கூடாது. இரும்பு என்றால் துருக்கறை வேறு. பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போடு, உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியாகச் சுற்று. புதுத்துணி என்றால் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே சுற்ற வேண்டும், கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி தேடி வரும்.

இன்னொன்று, நிறையப் பேர் பாச்சா உருண்டையும் சூடமும் ஒன்றாகப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் சித்திரை வெக்கைக்கே இளகி எண்ணெய் மாதிரிச் சேலையில் இறங்கும். எனக்கு இரண்டுமே வேண்டாம், துணிப்பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போதும், நிறம் மாறினால் மாற்றிவிடுவேன். மழைக்காலம் முடிந்து கார்த்திகை பிறந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஆறவிட்டு மடிப்பை மாற்று, ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

தையல் அக்கா:
ரவிக்கையையும் பாரும்மா. கழுத்து ஓரத்தில் தனக்காவும் (இங்கே முகத்திலும் கழுத்திலும் பூசும் மரப்பட்டைச் சாந்து) வேர்வையும் சேர்ந்து ஏறியிருக்கும், சேலையோடு சுற்றி வைத்தால் கறை சேலைக்கும் தாவும். கட்டி அவிழ்த்ததும் ராத்திரி முழுக்கக் காற்றாட விட்டு அப்புறம் மடி.

பாசுண்டாங் பொண்ணு:
ரொம்ப நன்றி. மேல்வீட்டு மாடியில் கொடி கட்டி விரித்தாயிற்று, வெள்ளை முழுக்கப் போய்விட்டது. ஆனால் அங்கங்கே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி தெரிகிறது, அதற்கு என்ன செய்ய?

ஜவுளிக்கடை அண்ணன்:
அது பூஞ்சை நூலில் ஊறிய கறை, முழுசாகப் போவது கஷ்டம். கொசுவத்துக்குள் மறையும் பக்கம் என்றால் அப்படியே விடு. முந்தானையில் என்றால் மட்டும் டிரைகிளீனிங்குக்குக் கொடு, அசல் ஜரிகை, பூஞ்சைக் கறை என்று இரண்டையும் சொல்லிக் கொடு, முதலில் உள்மூலையில் ஒரு புள்ளியில் மட்டும் எடுத்துக் காட்டச் சொல்.