எம்ஜிபி பெட்ரோல் முள் கால் டேங்க்குக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது, அவசரம்

பச்சைவண்டி: வணக்கம். என்னிடம் ஒரு எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் முள் கால் பங்கிலேயே நிற்கிறது. நேற்று பங்க்கில் அதை நம்பி ஊற்றப் போய், வழிந்து ஷூ எல்லாம் பெட்ரோல். மீட்டரையே மாற்றிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை பிரைட்டன் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி: எந்த வருட வண்டி? 1962 முதல் 1980 வரை எம்ஜிபி வந்தது, நடுவில் மீட்டரின் வகையே மாறிவிட்டது.

கோவைமெக்: சந்தேகமே வேண்டாம், ஃப்ளோட் (டேங்க்குள் பெட்ரோலில் மிதக்கும் மிதவை) ஓட்டை. டேங்க் யூனிட்டை, அதாவது மிதவையின் உயரத்தை மீட்டருக்குச் சொல்லும் பாகத்தை, கழற்றி ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தளக் தளக்கென்று கேட்டால் பெட்ரோல் புகுந்து மூழ்கிவிட்டது என்று அர்த்தம். பித்தளை ஃப்ளோட் என்றால் ஈயம் வைத்து அடைத்துவிடலாம்.

பழையஸ்பேனர்: உள்ளே பெட்ரோல் இருக்கிற ஃப்ளோட்டில் காய்ச்சிய இரும்பை வைக்கச் சொல்கிறீர்கள். வாழ்க. தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. வருடம் என்ன, எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன் எதையாவது கழற்றினீர்களா? இந்த மூன்றும் இல்லாமல் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

ஸ்டெபிலைசர்சிவா: வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் சின்னத் தகரப் பெட்டி. 12 வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ட் ஆக்குவது அதுதான். எனக்கு இரண்டு வண்டியில் இதே தொல்லை. டெம்பரேச்சர் முள்ளும் தாழ்வாகக் காட்டுகிறதா பாருங்கள்.

பச்சைவண்டி: 1972 ஜிடி. டெம்பரேச்சர் சரியாக இருக்கிறது.

ஸ்டெபிலைசர்சிவா: அப்படியென்றால் ஸ்டெபிலைசர் இல்லை.

பழையஸ்பேனர்: அப்படியும் சொல்ல முடியாது சிவா. 72-இல் டெம்பரேச்சர் மீட்டருக்குக் கரண்டே கிடையாது, இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வேலை செய்கிறது. ஸ்டெபிலைசரை நம்பியிருப்பது பெட்ரோல் முள் ஒன்றுதான். ஆனாலும் ஸ்டெபிலைசருக்கு எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு) விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் போய் முள் அதிகமாகக் காட்டும். இங்கே குறைவாகக் காட்டுகிறது. எனவே டேங்க் பக்கம் போங்கள். யூனிட்டில் வரும் பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி, டேங்கிலிருந்து தள்ளிப் பிடித்து, பாடியில் சுத்தமான இரும்பில் தொட்டுக்கொண்டு, இன்னொருவரைச் சாவி போட்டு முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக ஏறும், அந்த வகை மீட்டர் சூட்டில் வேலை செய்வது. ஃபுல்லைத் தொட்டதும் சாவியை அணையுங்கள், பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். ஏறினால் மீட்டரும் வயரும் நல்லவை. (62–64 வண்டியில் இது தலைகீழ், எர்த் செய்தால் காலி காட்டும். அதனால்தான் வருடம் கேட்டேன்.)

லெஸ்டர்வாசி: திறந்த இடத்தில் செய்யுங்கள். மூடிய கராஜில் பெட்ரோல் வாடையும் தீப்பொறியும் சேரக் கூடாது. யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருக்கிறது, முழு டேங்கோடு கழற்றினால் கைவழியாக ஊற்றும். பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கோவைமெக்: எத்தனால் பெட்ரோலில் ஃப்ளோட் கெட்டிருக்கும் என்பதை யாருமே யோசிக்கவில்லை.

லெஸ்டர்வாசி: பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால், ஆனது உண்மை. கெடுவது முதலில் ரப்பர் ஹோஸ்தான். பழைய வண்டிக்காரர்கள் பாதிப் பேர் சூப்பர் இ5 போடுகிறோம்.

கோவைமெக்: பத்துக்கே அழுகிறீர்கள், இங்கே இந்தியாவில் இருபது. என் வண்டியில் மைலேஜ் குறைந்தது கண்கூடு.

ஸ்டெபிலைசர்சிவா: எத்தனாலில் எரிசக்தி குறைவு, குறையத்தான் செய்யும். அதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவதா?

கோவைமெக்: பங்க்கில் நிற்பது நான், பழி போட எனக்கு உரிமை உண்டு.

புல்லட்பாண்டி: என் பழைய புல்லட்டில் முள்ளே கிடையாது. மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, அலையைப் பார்ப்பேன். ரிசர்வில் போட்டால் பங்க்கைத் தேடுவேன். நாற்பது வருடமாகப் பிரச்சினை இல்லை.

பழையஸ்பேனர்: காரை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறாரா? பச்சைவண்டி எங்கே, அந்த வயரைத் தொட்டுப் பார்த்தாரா?

பச்சைவண்டி: தொட்டேன் சார். முள் ஃபுல்லுக்கு ஏறியது. யூனிட் புதுசுதான், போன மாதம் டேங்க்கை இறக்கித் துரு எடுத்துப் பெயின்ட் அடித்தபோது மாற்றினேன். அதனால் அதைச் சந்தேகப்படவில்லை.

பழையஸ்பேனர்: இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் எத்தனாலுக்குப் போயிருக்க மாட்டோம். பெயின்ட் அடித்தீர்கள், கறுப்பு எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறீர்களா? அந்த யூனிட் முழு டேங்கில் சுமார் 20 ஓம், காலியில் 240-க்குப் பக்கம் காட்ட வேண்டும். எர்த்தில் பெயின்ட் குறுக்கே நின்றால் அந்தத் தடையும் சேர்ந்துகொள்ளும், மீட்டருக்குப் பெட்ரோல் குறைந்த மாதிரித் தெரியும். பச்சை-கறுப்பை மாட்டிவிட்டு, யூனிட்டின் எர்த் முனையிலிருந்து பாட்டரி நெகட்டிவுக்கு ஒரு தனி வயர் கொடுத்து முள்ளைப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பாட்டரி இரண்டு இருக்கும், பாடியோடு சேர்கிற முனையைப் பிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் உள்ளதை அல்ல.

ஸ்டெபிலைசர்சிவா: ஸ்டெபிலைசரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லெஸ்டர்வாசி: ஞாயிறும் போய்விட்டது. என்ன ஆயிற்று?

பச்சைவண்டி: சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

பழையஸ்பேனர்: எது சரியாயிற்று? இனி வருகிறவனுக்கும் தெரிய வேண்டாமா?

பச்சைவண்டி: மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். எர்த்தான். டேங்க்குப் பக்கம் இல்லை, டிக்கியில் பாடியோடு சேருமிடத்தில் நானே பெயின்ட் தெளித்திருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முழு டேங்கில் முள் இப்போது முக்காலுக்குக் கொஞ்சம் மேல். எனக்கு அது போதும்.

கோவைமெக்: ஃபுல்லுக்கு வரவில்லையா? அப்போது ஃப்ளோட்தான்.