வெள்ளத்துக்கு அலமாரியா, பவர்பேங்க்கா?

முடிச்சூர்க்காரன்:
2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. மூணு நாள் கரண்ட் இல்ல, ரெண்டாம் நாள் டவரும் போச்சு. அம்மா சுகர் பேஷன்ட். ஃப்ரிட்ஜ் நின்னதும் இன்சுலினை என்ன பண்றதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. போன்ல கேக்கலாம்னா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கடைசில தம்பி பொண்டாட்டி நர்சிங் படிச்சப்ப வாங்கின தடிப் புத்தகம் லாஃப்ட்டுல கிடைச்சுது. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அவ பக்கம் புரட்டினா. உபயோகத்துல இருக்கற குப்பி 30 டிகிரிக்குக் கீழ, வெயில் படாம இருந்தா சுமார் 4 வாரம் தாங்கும்னு போட்டிருந்தது. மருந்தை டப்பால போட்டு, மண்பானைக்குள்ள இறக்கி, பானையைச் சுத்தி ஈரத்துணி கட்டினோம்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஆபத்துக் காலத்துக்குன்னு தனி அலமாரி. முதலுதவி, குடிதண்ணி, வயரிங், பிளம்பிங், கைவைத்தியம், தோட்டம்னு ஒரு 40 புத்தகம். பட்டியல் போட உதவுங்க.

பவர்பேங்க் பாண்டி:
அண்ணே, தண்ணி வந்தா முதல்ல ஊறுறதே உங்க அலமாரிதான். 40 புத்தகத்தைத் தலைல வெச்சுக்கிட்டு போட்ல ஏறுவீங்களா? கிவிக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு. தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் இறக்கி வெச்சுக்கலாம், நெட்டே வேணாம். ரெண்டு பவர்பேங்க், ஒரு சோலார் சார்ஜர், வேலை முடிஞ்சுது. மத்ததெல்லாம் பொது அறிவு. வயித்துப்போக்கா? ஒரு லிட்டர் தண்ணி, நாலு ஸ்பூன் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் உப்பு. இதுக்கெல்லாம் யாராச்சும் நூலகம் கட்டுவாங்களா?

வேதாரண்யம் தென்னை:
தம்பி பாண்டி, 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப எங்க இருந்தீங்க? எங்க ஊர்ல போஸ்ட் மரம் ஒண்ணு நிக்கல. வாரக்கணக்குல கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் வெச்சிருந்தவர்ட்ட காசு கொடுத்து, வரிசையில நின்னு போனுக்கு சார்ஜ் போட்டோம். பவர்பேங்க் ரெண்டு நாள் வரும். அப்புறம்?

ஆனா முடிச்சூர்த் தம்பிக்கும் ஒண்ணு சொல்றேன். விழுந்த தென்னையைப் பார்த்துக்கிட்டு திண்ணையில உக்காந்திருந்த எனக்கு ஒரு புத்தகமும் உதவல. உதவுனது அடுப்படிச் செவுரு. மக கல்யாணமான புதுசுல அவ நம்பரை எங்க வீட்டம்மா பென்சிலால செவுத்துல எழுதி வெச்சிருந்தா. என் போன் செத்துக் கிடக்கு, பெத்த மக நம்பர் எனக்குத் தெரியாது. செவுத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் போன்ல அடிச்சேன். காயிதம் வேணும், ஒத்துக்கிறேன். 40 புத்தகம் எதுக்கு?

தூத்துக்குடி நர்ஸ்:
பாண்டி அண்ணாச்சி, அந்த உப்பு அளவை முதல்ல அழிங்க. ரெண்டு ஸ்பூன் உப்பைப் பச்சப்பிள்ளைக்குக் கொடுத்தா உசுருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு தலைதட்டின டீஸ்பூன்ல சர்க்கரை ஆறு, உப்பு அரை. அவ்வளவுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைச்சா பாக்கெட்டே நல்லது, அதுல போட்டிருக்க அளவு தண்ணில கலக்கணும்.

இப்ப அலமாரிக்கு வாரேன். பழைய முதலுதவிப் புத்தகத்தைத் தயவுசெஞ்சு வாங்காதீங்க. பாம்பு கடிச்சா இறுக்கக் கட்டு, பிளேடால கீறு, உறிஞ்சுன்னு அதுல படமே போட்டிருக்கும். மூணும் தப்பு. கடிபட்ட கை காலை அசைய விடாம வெச்சு, மோதிரம் கொலுசைக் கழட்டிட்டு, விஷமுறிவு மருந்து இருக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அதே 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டுச்சே, அந்த மாதிரி வெள்ளத்துல மனுசன் மட்டுமா மேடு தேடி வருவான்? பாம்பும் வரும். கட்டுவிரியன் தூக்கத்துல கடிச்சா பல பேருக்கு வலியே தெரியாது. மூலிகை அரைச்சுக் கொடுத்துட்டு விடியட்டும்னு காத்திருந்து, மூச்சு நிக்கப் போற நேரத்துல கொண்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். கைவைத்தியப் புத்தகம் ஜலதோஷத்துக்கு இருக்கட்டும்.

இதயத்துடிப்பு நின்னவங்களுக்குச் செய்யற முதலுதவியும் அப்படித்தான். முதல்ல மூச்சு கொடுன்னு இருந்ததை 2010ல நெஞ்சை அழுத்துறதுல இருந்து ஆரம்பின்னு மாத்திட்டாங்க. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அழுத்தம். அதுக்கு முந்தின பதிப்பு வீட்ல இருந்தா எடைக்குப் போட்டுருங்க.

பழைய புத்தகக் கடை:
எடைக்குப் போட்டா எங்கிட்டதான் வரும், நானும் திரும்ப வித்துருவேன்! மருத்துவப் புத்தகம் கேட்டு வர்றவங்க விலையைப் பாக்கறாங்களே தவிர பதிப்பு வருஷத்தைப் பாக்கறதில்ல, அது உண்மை.

தண்ணி விஷயம் நான் சொல்றேன். 2015 டிசம்பர்ல என் கடையில முழங்கால் வரைக்கும். கீழ் ரெண்டு தட்டு புத்தகமும் ஊறி உப்பி, ஒண்ணை ஒண்ணு நெருக்கி இறுகிப்போச்சு. உருவ முடியல, தட்டையே உடைச்சேன். சாதாரணத் தாள் ஃபேன் காத்துல விரிச்சு வெச்சா ஓரளவு தேறும். வழவழா தாள் காய்ஞ்சா பலகை மாதிரி ஒட்டிக்கும், பிரிக்கவே முடியாது. ரொம்ப முக்கியமான புத்தகம் நனைஞ்சா கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, கரண்ட் இருந்தா. பூஞ்சை பிடிக்காது, அப்புறம் நிதானமாக் காய வெச்சுக்கலாம். அதனால அலமாரி வேணாம் சார். இறுக்க மூடற பிளாஸ்டிக் டப்பா, லாஃப்ட்டுல. கரையானுக்கும் அதுதான் நல்லது.

பவர்பேங்க் பாண்டி:
உப்பு விஷயத்துல சறுக்கிட்டேன், சரி. ஆனா அது என் கட்சிக்குத்தான் சாதகம். ஓ.ஆர்.எஸ். அளவு, 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சொந்தக்காரங்க நம்பர், எல்லாம் ஒரே தாள்ல அடங்கும். லேமினேட் பண்ணி பீரோ கதவுல ஒட்டுங்க. நூலகம் எதுக்கு?

முடிச்சூர்க்காரன்:
உங்க தாள்ல இன்சுலின் இருந்திருக்குமா? என்ன வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தானே தாள்ல எழுதலாம். தெரியாததைத் தேடத்தான் தடிப் புத்தகம்.

தூத்துக்குடி நர்ஸ்:
அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. அந்த 4 வாரக் கணக்கு மருந்து அட்டைப்பெட்டிக்குள்ள மடிச்சு வெச்ச சீட்டுலயே இருந்திருக்கும். நாம பெட்டியைப் பிரிச்சதும் முதல்ல குப்பையில போடறது அதைத்தான்.

முடிச்சூர்க்காரன்:
...இப்பதான் போய்ப் பார்த்தேன். இருக்கு. பொடி எழுத்துல, பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியுது. ஆனா இருக்கு.

வேதாரண்யம் தென்னை:
இன்வெர்ட்டர் வாங்குனப்ப கொடுத்த கையேட்டையும் கேஸ் அடுப்போட வந்த சீட்டையும் தேடிப் பாருங்க தம்பி. எங்க வீட்ல அதெல்லாம் பலகாரத்துக்கு அடியில எண்ணெய் உறிஞ்சப் போயிருச்சு.

முடிச்சூர்க்காரன்:
சரி, 40 இல்ல. மருந்துச் சீட்டு, மெஷின் கையேடு எல்லாம் ஒரு ஃபைல். புதுப் பதிப்பு முதலுதவி ஒண்ணு, அந்த நர்சிங் தடிப்புத்தகத்தோட இப்போதைய பதிப்பு, வயரிங் ஒண்ணு, பிளம்பிங் ஒண்ணு. கூடவே பசங்களுக்குக் கதைப் புத்தகம் அஞ்சு. இதுல மட்டும் யாரும் பேரம் பேசாதீங்க. அந்த மூணு ராத்திரியும் மெழுகுவத்தியைச் சுத்தி உக்காந்து "அப்புறம்? அப்புறம்?"னு கேட்டே என்னைக் கொன்னுட்டாங்க.

பவர்பேங்க் பாண்டி:
கதைக்கு எங்கிட்ட ஆடியோ புக் இருக்கு. சரி விடுங்க, நானும் இன்னிக்கு விக்கிப்பீடியா இறக்கப் போனேன். போன்ல இடம் பத்தலையாம். மச்சான் கல்யாண வீடியோவை அழிக்கணும், அழிச்சா வீட்ல வேற வெள்ளம் வரும்.

தூத்துக்குடி நர்ஸ்:
அதை அப்புறம் அழிங்க அண்ணாச்சி. ரெண்டு ஸ்பூன் உப்பு இன்னும் மேல அப்படியேதான் இருக்கு.