ரீட்டா குவாரினோ: லீக்கில் நான்கு பட்டம், ஐரோப்பாவில் மூன்று முறையும் முதல் தடையிலேயே வெளியே. ஏன்?

கேள்வி:
2017 முதல் 2021 வரை இத்தாலியின் ஜுவென்டஸ் மகளிர் கால்பந்து அணிக்கு ரீட்டா குவாரினோ பயிற்சியாளர். நான்கு சீசனிலும் சீரி ஆ (இத்தாலியின் முதல்நிலை லீக்) பட்டம். 2020-21இல் 22 ஆட்டம், 22 வெற்றி. ஆனால் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில் 2018, 2019, 2020 மூன்று முறையும் முதல் மோதலிலேயே தோல்வி. இதை அவர் குறை என்று சொல்லலாமா?

பதில் 1:
முதலில் குலுக்கலைப் பாருங்கள். அப்போது 32 அணிகள் சுற்றில் இரண்டு ஆட்டம், இரண்டையும் சேர்த்துத் தோற்றால் வெளியே. கிளப் தொடங்கியதே 2017இல்தான், கூனெயோ அணியின் உரிமத்தை வாங்கி. குலுக்கலில் அணிகளைத் தரம் பிரிக்க உதவும் பழைய ஐரோப்பியப் புள்ளி கிடையாது. அதனால் வலுவான அணிகள் எதிரில் வந்துகொண்டே இருந்தன. 2019இல் பார்சிலோனா (0-2, 1-2). அந்த மே மாதம்தான் அவர்கள் இறுதியில் ஆடியிருந்தார்கள். 2020இல் நடப்பு சாம்பியன் லியோன் (2-3, 0-3). சொந்த ஊரான டூரினில் லியோனுக்கு எதிராக இரண்டு கோல் போட்டதே பெரிய விஷயம்.

பதில் 2:
பார்சிலோனா, லியோன் சரி. 2018இல் டென்மார்க்கின் புரோன்ட்பி? சொந்த மண்ணில் 2-2, அங்கே போய் 0-1. அது ஜெயித்திருக்க வேண்டிய மோதல். மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும் என்பது அப்போதைய விதி. முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் விட்டதால், வெளியூரில் கோல் அடித்தே தீரவேண்டிய நிலை வந்தது, கோல் வரவில்லை. அந்த ஒன்றை அவர் கணக்கில் எழுதலாம்.

பதில் 3:
லீக் பட்டங்களையும் லேசாக எடுக்காதீர்கள். முதல் சீசனில் பிரேஷா என்ற அணியும் ஜுவென்டஸும் சம புள்ளி. பட்டத்துக்கு நேருக்கு நேர் கணக்கு பார்க்காமல் தனி ஆட்டம் வைத்தார்கள்: 2018 மே 20, நொவாரா நகரில், 0-0, பெனால்டியில் 5-4. இத்தனைக்கும் காமா, சல்வாய், ரொசூச்சி, செர்னோயா, பொனான்சியா ஐந்து பேரும் 2017இல் அதே பிரேஷாவிலிருந்து வந்தவர்கள். எதிரணியின் முதுகெலும்பையே எடுத்த பிறகும் பெனால்டி வரை போனது. பழகிய ஐவரை வைத்து ஒரே வருடத்தில் புது அணியைக் கட்டியதுதான் குவாரினோவின் உண்மையான வேலை. அவரே இத்தாலிக்குக் கிட்டத்தட்ட நூறு ஆட்டம் ஆடியவர். பிறகு டொரினோ மகளிர் அணி, இத்தாலியின் 17 வயதுக்குட்பட்டோர் அணி என்று படிப்படியாக வந்தவர்.

கேள்வி கேட்டவர்:
அவருக்குப் பின் வந்த ஜோ மொன்டமுரோ 2021-22இல் காலிறுதி வரை போனாரே?

பதில் 1:
போனார், ஆனால் அந்த சீசனில்தான் குழுச் சுற்று வந்தது. தகுதிச் சுற்றில் அல்பேனியாவின் வ்லாஸ்னியாவைத் தாண்டி, செல்சி, வோல்ஃப்ஸ்பர்க், செர்வெட் குழுவில் ஆறு ஆட்டம். ஒரு நாள் சறுக்கினால் ஈடுகட்ட அடுத்த ஆட்டம் இருந்தது. குவாரினோவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்தக் குழுவில் செல்சியைப் பின்தள்ளி முன்னேறியது மொன்டமுரோவின் சாதனைதான், அதைக் குறைக்க மாட்டேன். குவாரினோ அப்போது இன்டர் மிலானில். அங்கே இருக்கும்போதுதான், 2022 ஜூலை 1 முதல், சீரி ஆ மகளிர் லீக் தொழில்முறை ஆனது. ஜுவென்டஸில் அவர் வென்ற நான்கும், சட்டப்படி அமெச்சூர் லீக் பட்டங்கள்.