வீட்டில் கொரியச் சமையல்: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

முத்துநகர்க்காரி

நானே ஆரம்பிக்கிறேன். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் கிம்ச்சி (கொரியர்களின் காரக் கோஸ் ஊறுகாய்) ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் விரல்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடியிருந்தோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் கொரியர்கள் அதிசயமில்லை. எதிர்வீட்டு என்ஜினீயரின் அம்மா மூன்று மாதம் தங்க வந்திருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எனக்குக் கொரியச் சீரியலில் பொறுக்கிய பத்து வார்த்தை. லிஃப்டில் பார்த்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

அன்றைக்குப் போட்டது மூன்றாவது கிம்ச்சி. முதல் இரண்டும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். சைனீஸ் கோஸ், கல்லுப்பு, அரிசிமாவுக் கஞ்சி, காஷ்மீரி மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு. மீன் சாஸ் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். மே மாதம் வேறு. ராத்திரி மூடி வைத்தேன். மறுநாள் மத்தியானம் பார்த்தால் மூடி இடுக்கில் சிவப்புத் தண்ணீர் வழிந்து மேடையெல்லாம் ஓடுகிறது. துடைத்துக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. பாட்டி. வாசனை பிடித்து வந்திருக்கிறார்.

நேராக அடுக்களைக்கு வந்தார். கையைக் கழுவினார். ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, மேலே மிதந்த இலைகளை நாலு விரலால் தண்ணீருக்குள் அழுத்தினார். அவசரமே இல்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஊறுகாயில் மாங்காயை அமுக்கிவிடுகிற மாதிரி. புளுக் புளுக்கென்று காற்று வந்தது. "சோன்மாசி" என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். போய்விட்டார்.

நான் தூத்துக்குடிக்காரி. மாசி என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். மீன் சாஸ் போடாததைக் கண்டுபிடித்துவிட்டார், மாசிக் கருவாடு போடச் சொல்கிறார் என்று முடிவு கட்டி, அடுத்த தடவை ஒரு ஸ்பூன் மாசியை இடித்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் பாட்டி ஊருக்குக் கிளம்பிவிட்டார். அது பாராட்டா, திட்டா, மாசியா? யாருக்காவது தெரியுமா?

அம்மிணி

கிம்ச்சி எல்லாம் பெரிய படிப்பு. நான் டொக்போக்கியிலேயே ஃபெயில்.

மகளுக்குப் பதினாலாவது பிறந்தநாள். கேக் வேண்டாம், அந்தச் சிவப்புச் சாஸில் மிதக்கிற அரிசிக் குழல்தான் வேண்டும் என்றாள். பாக்கெட் விலையைப் பார்த்தேன். அரிசிமாவுதானே, கொழுக்கட்டை பிடிக்கிற கைக்கு இதென்ன என்று இடியாப்ப மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, இட்லிப் பானையில் வேக வைத்தேன். இறக்கும்போது பார்க்க அச்சு அசலாக இருந்தது. படமெடுத்து அக்காவுக்கு அனுப்பி பெருமையடித்தும் ஆயிற்று.

சாஸ் கொதிக்கும்போது போட்டேன். கரண்டி ஒரு சுற்று, பாதி உடைந்தது. இன்னொரு சுற்று, பாதி கரைந்தது. அப்புறம் சட்டியில் இருந்தது சிவப்புக் களி. மகள் எட்டிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற மாமியார் முந்திக்கொண்டார்: "காரக் கொழுக்கட்டைக் குழம்பா? எனக்கு ஒரு கரண்டி ஊத்து."

மாமியார் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பிறந்தநாள்காரி ஒன்றும் சொல்லாமல் தயிர்சாதம் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அந்தத் தயிர்சாதத் தட்டுதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

பழையசோறு

முத்துநகர்க்காரி அக்கா, மாசியை விடுங்கள். நீங்கள் சறுக்கியது மிளகாயில். கோச்சுகாரு என்கிற அவர்களுடைய மிளகாய் நைஸ் தூளாக இருக்காது, விதை நீக்கி இடித்த செதில். நம் மிளகாய்த்தூள் நைஸ். கஞ்சியோடு சேர்ந்தால் சேறாகிவிடும். கிடைக்காவிட்டால் காஷ்மீரி வற்றலைக் கிள்ளி விதையைத் தட்டிவிட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். குண்டூர் பக்கம் தலை வைக்காதீர்கள். ஒரு கோஸுக்குக் கைநிறைய அள்ளிப் போடுகிற சமையல் இது. குண்டூரில் அந்த அளவு போட்டால் ஆம்புலன்ஸ்தான்.

உப்புக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு கிலோ கோஸுக்கு நூறு கிராம் கல்லுப்பு தூவி ஆறேழு மணி நேரம் விடுங்கள். அடித்தண்டின் வெள்ளைப் பகுதியை மடக்கினால் முறியாமல் வளைய வேண்டும். வளைந்தால் மூன்று தண்ணீரில் அலசி, வடியவிட்டு, ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டுத்தான் மசாலா தடவ வேண்டும். அப்புறம் வெயில். கொரியாவில் ஊரே கூடிக் கிம்ச்சி போடுகிற கிம்ஜாங், குளிர்காலம் தொடங்கும்போது நடப்பது. 2013ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்த்தார்கள். அந்தக் குளிரில் நிதானமாகப் புளிக்கிற பண்டத்தை மே மாதச் சென்னையில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் பொங்காமல் என்ன செய்யும்? இட்லிமாவைப் பொங்க வைக்கிற லூகோனோஸ்டாக் பாக்டீரியாதான் கிம்ச்சியையும் முதலில் புளிக்க வைக்கிறது. இட்லிமாவை எத்தனை மணி நேரம் வெளியே வைப்பீர்களோ அதுதான் கணக்கு. ஜாடியில் நாலு விரல்கடை காலி விடுங்கள். ரொம்பப் புளித்தால் கொட்டாதீர்கள், டோஃபு போட்டுக் குழம்பு வையுங்கள். புளித்த மாவு ஊத்தப்பத்துக்கு ஆகிற மாதிரி, புளித்த கிம்ச்சிதான் கிம்ச்சி ஜிகேவுக்கு ருசி. மீன் சாஸ் இல்லாமல் போட்டது கிம்ச்சி இல்லை, காரக்கோஸ். மன்னிக்கவும்.

அம்மிணி அக்கா, உங்கள் கையில் குறையில்லை, அரிசியில்தான். அவர்கள் அரிசி குட்டை, ஒட்டும். நம்முடையது உதிரி. தவிர அவர்கள் வெந்த மாவைச் சூட்டோடு இடித்து இழுவை வரவைத்த பிறகுதான் உருட்டுவார்கள். கால் பங்கு மரவள்ளி மாவு சேர்த்து, வெந்ததை மறுபடி நன்றாகப் பிசைந்து உருட்டிப் பாருங்கள்.

என் கதையா? சின்னதுதான். பேச்சிலராக இருந்தபோது பாத்ரூம் பரணில் கிம்ச்சி ஊறவைத்திருந்தேன். ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு வந்து அரை மணி நேரம் செத்த எலியைத் தேடினார். நானும் கூடவே குனிந்து தேடினேன். போகும்போது எலிப்பொறி கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

சுவோன் தமிழச்சி

அக்கா, அது மாசி இல்லை! சொல்கிறேன், முதலில் என் கதை.

கொரியாவில் சுவோன் என்கிற ஊரில் இருந்தபோது எங்களுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். மியோக்குக், கடற்பாசி சூப். அங்கே பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் பத்தியம். பிறந்தநாளன்றும் அதைத்தான் குடிப்பார்கள். உள்ளே மாட்டுக்கறி மிதந்தது. என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, நாங்கள் கறி சாப்பிடுவதில்லை என்றார். அந்த அம்மா முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் படுக்கையில் கிடந்து அழுதேன். பச்சை உடம்பு, எதற்கெடுத்தாலும் அழுகைதான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பெல். அதே பாத்திரம். இந்தத் தடவை கறி இல்லை, டுல்கே என்று ஒரு விதையை அரைத்து ஊற்றி வெள்ளையாக, தேங்காய்ப்பால் சொதி மாதிரி. ஸ்பூனை என் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிறவரை நின்றார்.

பையனின் முதல் பிறந்தநாளுக்கு நானே வைக்கலாம் என்று பாக்கெட் முழுவதையும் ஊறப்போட்டேன். காய்ந்த கடற்பாசி ஊறினால் பத்து மடங்காவது உப்பும் என்று யார் கண்டது? கிண்ணம், குண்டான், கடைசியில் குழந்தை குளிக்கிற தொட்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோன் என்றால் கை. மாத் என்றால் ருசி. சோன்மாத் என்றால் அப்படியே நம் கைப்பக்குவம். பின்னால் ஒரு 'இ' ஒட்டினால் சோன்மாசி என்று காதில் விழும். அதோடு வாக்கியம் முடியாது. அப்புறம் 'இன்னே' என்றாரா, 'ஓம்னே' என்றாரா? முதலாவது என்றால் இருக்கிறதே என்று அர்த்தம். இரண்டாவது என்றால் இல்லையே. யோசித்துச் சொல்லுங்கள்.

எள்ளுப்பூ

சுவோன் அக்கா சொன்ன அந்த டுல்கே செடியின் இலைதான் என்னைக் கவிழ்த்தது. சுட்ட பன்றிக்கறியைச் சுற்றித் தின்கிற இலைக்கு இணையத்தில் எல்லோரும் எள் இலை என்றே எழுதியிருந்தார்கள். திருச்சியில் எள்ளுக்கா பஞ்சம்? அஞ்சறைப்பெட்டி எள்ளையே மொட்டைமாடி வாளியில் விதைத்து, ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றி, நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்தேன்.

முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. வெண்டைக்காயைப் பச்சையாக மென்ற வழவழப்பு, கூடவே கசப்பு. யாரும் பேசவில்லை. ஒருவன் மட்டும் மென்றுகொண்டே, "கொரியாவுல பாவம்டா" என்றான். மிச்சத் தழையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தது.

அது எள்ளே இல்லை, பெரில்லா என்கிற துளசி ஜாதிச் செடி என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் கொழுந்து வெற்றிலையில் சுற்றிக்கொள்கிறோம். தேவலை.

கறார் மாமா

பழையசோறு தம்பி, ஒருத்தர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார், நீங்கள் செமஸ்டர் பாடம் எடுத்துவிட்டீர்கள். அதில் ஒன்று தப்பும்கூட. மீன் சாஸ் இல்லாவிட்டால் கிம்ச்சியே இல்லையா? கொரியப் பௌத்தக் கோயில் அடுக்களையில் மீனும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையல் மாதிரி. அதற்கும் பெயர் கிம்ச்சிதான்.

என் அனுபவம் எண்ணெயில். பேத்திக்குக் கிம்பாப், அதாவது கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டுவது, செய்தேன். சோற்றில் எள்ளெண்ணெய் விட்டுப் பிசை என்று போட்டிருந்தது. வீட்டில் செக்கு நல்லெண்ணெய் இருக்கிறது, தாராளமாக விட்டேன். பேத்தி ஒரு வாய் வைத்தாள். "தாத்தா, தீபாவளி குளியல் வாசனை வருது."

அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் வறுக்காமல் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். மணம் எப்படி ஒன்றாக இருக்கும்? இப்போது எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு, வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவுகிறேன். அவள் இன்னும் மோந்து பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறாள்.

பழையசோறு

கோயில் கிம்ச்சியில் மீனுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றுவார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மாமா. முத்துநகர்க்காரி அக்கா ஜாடியில் அதுவும் இல்லையே?

முத்துநகர்க்காரி

தம்பி, இல்லைதான். விட்டுவிடுங்கள்.

சுவோன் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து 'இன்னே', 'ஓம்னே' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவை இது சரியாகப் படுகிறது, ஒரு தடவை அது. வீட்டுக்காரர் 'ஓம்' மாதிரி கேட்டதாக அடித்துச் சொல்கிறார். அவர் அன்றைக்கு ஆபீசில் இருந்தார். பாட்டி சிரித்தது மட்டும் நிச்சயம். பல்லெல்லாம் மிளகாய்ச் சிவப்பு.

மாசி போட்ட ஜாடி ஒன்று இப்போதும் மேடையில் இருக்கிறது. காலையிலிருந்து உள்ளே சத்தம் கேட்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டு வருகிறேன்.